முதல் மழையிலேயே உரிந்துபோன சுவரோவியம்: எங்கள் ஊர்க் கலைக்குழு இனி என்ன செய்யலாம்?

அரசலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கும்பகோணத்துக்கு அருகில், அரசலாற்றங்கரையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் 14 பேர் சேர்ந்து ஒரு கலைக்குழுவைத் தொடங்கினோம். எங்களுள் இருவர் குடந்தை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்றவர்கள்; ஒருவர் சுவாமிமலையில் வார்ப்புப் பட்டறையில் மெழுகு உருப் பிடிப்பவர்; ஒருவர் தையற்காரர்; இருவர் ஆசிரியைகள்; மற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். குழுவின் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்கு என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கிளை நூலகத்தின் பின்தாழ்வாரத்தில் சிறுவர்களுக்கு ஓவிய வகுப்பு நடத்துகிறோம். தொடக்கத்தில் 25 பேர் வந்தார்கள். இப்போது 9 பேர் வருகிறார்கள். ஆண்டுதோறும் பொங்கலையொட்டி ஒரு திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருநாள் கண்காட்சி வைக்கிறோம். மூன்றாவதாக, இந்த ஆண்டு ஆகஸ்டில் நடுநிலைப்பள்ளியின் சுற்றுச்சுவரில், 60 அடி நீளமும் 7 அடி உயரமும் உள்ள பகுதியில், எங்கள் ஊரின் வாழ்க்கையை ஓவியமாகத் தீட்டினோம். படித்துறை, நாகஸ்வரக் கச்சேரி, பாத்திரப் பட்டறை, நடுவில் நடவு வயல். சுதந்திர நாளன்று திறந்துவிட வேண்டும் என்பதால் 9 நாட்களில் இரவும் பகலுமாக முடித்தோம். செலவு 31,000 ரூபாய். பாதி எங்கள் கைப்பணம், பாதி ஊரில் திரட்டியது.

ஐப்பசி மழை தொடங்கியதும் ஓவியம் உரியத் தொடங்கியது. நடவு நடும் பெண்களின் கால்கள்தாம் முதலில் போயின. பிறகு முழங்கால்கள், பிறகு கையிலிருந்த நாற்று முடி. கார்த்திகை பிறப்பதற்குள் வயல் முழுவதும் பொருக்குப் பொருக்காக எழும்பிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பொருக்குகளைப் பிய்த்து, மயிலிறகைப் போலப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்கிறார்கள் என்று ஆசிரியை ஒருவர் சொன்னபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

என் கேள்விகள் இவை. உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய வண்ணம் ஏன் இப்படி உரிந்தது? அதே ஓவியத்தை மறுபடி தீட்டுவதா, சுவரை வெளுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா? ஊரிலுள்ள கட்டடப் பொருள் வணிகர் ஒருவர் வண்ணச் செலவு முழுவதையும் தாம் ஏற்பதாகவும், சுவரில் மூன்றில் ஒரு பங்கைத் தம் கடை விளம்பரத்துக்குத் தர வேண்டும் என்றும் கேட்கிறார், ஒப்புக்கொள்ளலாமா? கடைசியாக, மனத்தை அரிக்கும் கேள்வி: 14 பேராக இருந்த குழு இப்போது 6 பேராகிவிட்டது. யாரும் சண்டையிட்டுப் போகவில்லை. வருவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். அவர்களை எப்படி மீட்பது?

வண்ணத்தச்சன் எழுதியது:

ஐயா, வணக்கம். நான் கடைப்பலகை எழுதிப் பிழைத்தவன். திருச்சியிலும் சுற்றுப்புறத்திலும் 22 ஆண்டுகள் சுவர் விளம்பரமும் பெயர்ப்பலகையும் எழுதினேன். பிளெக்ஸ் வந்த பிறகு வீடுகளுக்கு வண்ணம் பூசும் வேலைக்கு மாறினேன். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

கீழிருந்து மேலாக உரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நோய் என்னவென்று அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது. மழை மேலிருந்து அடித்து உரித்திருந்தால் தலைப்பகுதியும் நடுப்பகுதியும் முதலில் போயிருக்கும். கால் முதலில் போனது என்றால், செங்கல் அடிமண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது என்று பொருள். அந்த ஈரம் தன்னோடு உப்பையும் கொண்டுவரும். முன்பக்கத்தை எமல்ஷன் வண்ணத்தால் மூடிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி அதன் பின்னால் தேங்கும். உப்பு அங்கேயே பூத்து வண்ணத்தைத் தள்ளும். விலையுயர்ந்த வண்ணமானால் இன்னும் பெரிய ஏடாக உரியுமே தவிர, உரியாமல் இராது.

இரண்டாவது ஐயம் ஒன்றும் எனக்கு உண்டு. அரசுப் பள்ளிச் சுவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பாக அடித்திருப்பார்கள். அதைச் சுரண்டாமல் மேலேயே பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசியிருந்தால், உங்கள் வண்ணம் சுவரைப் பிடிக்கவில்லை, சுண்ணாம்புத் தூளைப் பிடித்திருக்கிறது. சோதிப்பது எளிது. வண்ணம் பூசாத பகுதியில் உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேயுங்கள். கை வெளுத்தால் அந்தச் சுவர் எந்த வண்ணத்தையும் தாங்காது. ஈரத்தைக் காண்பதற்கு, ஒரு முழ அளவு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஒருநாள் விட்டு வையுங்கள். தாளின் உட்பக்கத்தில் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன், அவசரப்பட வேண்டாம். சுவரின் மறுபக்கத்தில் மண் குவிந்திருக்கிறதா, குழாயடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதைச் சரிசெய்யாமல் தூரிகையைத் தொடாதீர்கள். சுவரின் தலைப்பகுதி தட்டையாக இருந்தால், தண்ணீர் வழிந்தோடுமாறு சிமெண்டினால் சரிவுப் பூச்சு கொடுங்கள். சுண்ணாம்பு முழுவதையும் பூச்சு தெரியும்வரை சுரண்டிக் கழுவுங்கள். புதிதாகச் சிமெண்டுப் பூச்சு பூசும் இடங்களை, தண்ணீர் தெளித்து இறுகவிட்ட பிறகு, ஒரு மாதமாவது காயவிடுங்கள். தை கழிந்து மாசி வெயிலில் பிரைமர் பூசுங்கள். 420 சதுர அடிக்கு வெளிப்புற எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு ஏறத்தாழ 8 லிட்டர் ஆகும். தளத்துக்கு வெள்ளையை மொத்தமாக வாங்கி, ஸ்டெய்னர் என்னும் நிறச்சாந்து கலந்து நிறங்களை நீங்களே உண்டாக்கினால் செலவு கணிசமாகக் குறையும். பளிச்சென்ற சிவப்பும் ரோஜா நிறமும் வெயிலில் முதலில் வெளிறும். காவியும் மஞ்சட்காவியும் நிற்கும். இது எங்கள் தொழிலில் எல்லாரும் அறிந்தது.

அடிப்பகுதி ஒன்றரை அடிக்கு எமல்ஷனே வேண்டாம். கோயில் மதிலைப் போலச் சுண்ணாம்பும் காவியும் பட்டையாக அடித்துவிடுங்கள். சுண்ணாம்பு மூச்சுவிடும், ஈரம் அதன் வழியாகப் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பட்டையை மட்டும் புதுப்பித்தால் போதும், அது ஒரு காலை நேர வேலை. ஓவியத்தின் கதையை அந்தப் பட்டைக்கு மேலிருந்து தொடங்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது நாட்களில், அதுவும் ஆகஸ்டில், முடித்தோம் என்பதைப் படித்தபோது என் பழைய முதலாளி நினைவுக்கு வந்தார். எங்களுக்குச் சுவர் காய்வதற்கும் கூலி கொடுத்தவர் அவர் ஒருவர்தாம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மறுபடி தீட்டுவதா, புதிதாகத் தொடங்குவதா என்ற கேள்விக்கு உங்கள் மாவட்டத்திலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுப்பாதையில் சோழர் கால ஓவியங்களின் மேல் நாயக்கர் காலத்தில் வேறு ஓவியங்களைத் தீட்டினார்கள். மேலடுக்கு உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்த சோழர் ஓவியத்தை 1931-இல் வரலாற்றுப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு உலகுக்குச் சொன்னார். நாயக்கர் காலத்து ஓவியர் பழையதை அழிக்க நினைத்தார் என்று நான் கருதவில்லை; மங்கிப்போன சுவர் அவர் கைக்கு வந்தது, தம் காலத்துக்கு ஏற்றதைத் தீட்டினார். ஆகவே புதிதாகத் தீட்டுவதில் குற்றவுணர்வு கொள்ள ஒன்றுமில்லை. பழையதைத் தெளிவாகப் படம்பிடித்து, யார் எந்தப் பகுதியைத் தீட்டினார்கள் என்ற குறிப்போடு நூலகத்தில் ஒரு படி வைத்துவிடுங்கள்.

புதுக்கோட்டைக்கு அருகில் சித்தன்னவாசல் சமணக் குடைவரையில் இதைவிட எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதன் அர்த்தமண்டபத்தை, அதாவது கருவறைக்கு முன்னுள்ள மண்டபத்தை, புதுப்பித்தவர் மதுரையாசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டே கூறுகிறது. குடைவித்தவர் யாரென்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பழுதுபார்த்தவர் பெயரோ கல்லில் நிற்கிறது. உங்கள் சுவரின் ஓர் ஓரத்தில் தீட்டியவர் பெயர்களோடு, ஆண்டுதோறும் புதுப்பிப்பவர் பெயரை எழுதவும் இடம் விட்டு வையுங்கள்.

மட்டுநகர்க் களரி எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எனக்கு ஓவியம் வராது. கூத்தில் மத்தளம் அடிப்பவரின் மகன் நான். உங்களுடைய கடைசிக் கேள்வி எங்கள் ஊரிலும் கேட்கப்பட்ட கேள்வி என்பதால் சற்று நீளமாகவே எழுத அனுமதியுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஓர் ஊர் கூத்துப் போடுவதென்று முடிவுசெய்தால் அது ஓர் இரவு நிகழ்ச்சியாக முடியாது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆட்களைப் பார்த்துப் பாத்திரங்களைப் பிரித்து, அவரவர் பாட்டுகளை எழுதிக் கொடுக்கும் நாள் ஒன்று உண்டு. அதைச் சட்டங்கொடுத்தல் என்போம். அதன்பிறகு மாதக்கணக்கில் இரவுகளில் பழக்கம் நடக்கும். ஆட்டம் காலில் ஏறியபின் சதங்கை அணியும் நாள் வரும். அன்று ஊர் முழுவதும் வந்து பார்க்கும். பிறகு அடுக்குப் பார்த்தல் என்னும் முழு ஒத்திகை, அதன்பின் வட்டக் களரி என்னும் வட்டமான ஆடுகளத்தில் விடியவிடிய அரங்கேற்றம். அதோடும் முடியாது, வீட்டுக்கு வீடு சென்று ஆடுவதும் உண்டு. அரங்கேற்றத்துக்கு முன்பே ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் கூத்தில் கைவைத்திருப்பார்கள். ஒருவர் உடுப்புக் கட்டுவார், ஒருவர் களரிக்குப் பந்தற்கால் நடுவார், ஒரு வீட்டிலிருந்து தேநீர் வரும், ஆடத்தெரியாத கிழவர் பிழைபிடிப்பதற்காகவே நாள் தவறாமல் வந்து குந்தியிருப்பார். அவரும் கூத்துக்காரர்தாம்.

நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: உங்களுக்கு அரங்கேற்றம் மட்டும் இருந்திருக்கிறது. பொங்கலுக்கு ஒருநாள் கண்காட்சி, ஒன்பது நாளில் ஒரு சுவர், சுதந்திர நாளில் ஒரு திறப்பு. இடைப்பட்ட மாதங்களில் தையற்காரர் ஏன் வர வேண்டும்? வந்தால் அவருக்கு அங்கே என்ன வேலை இருந்தது?

கூத்தின் வரலாற்றிலும் இந்த இரண்டு வழிகளையும் பார்க்கலாம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962-இல் கர்ணன் போர், 1964-இல் இராவணேசன் என்று வந்த ஆக்கங்கள், விடியவிடிய ஆடுவதைச் சுருக்கிச் செம்மைப்படுத்தி, நகரத்தவரும் படித்தவரும் கூத்தை மதிக்கச் செய்தன. அது பெரிய பணி. அதைக் குறைத்துச் சொல்பவன் அல்லன் நான். ஆனால் 2000-க்குப் பின், கலாநிதி சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ என்னும் குழுவினரும் மட்டக்களப்பிலுள்ள சீலாமுனை ஊர் மக்களோடு சேர்ந்து வேறொரு வழியில் சென்றார்கள். கூத்தை ஊரிலிருந்து வெளியே எடுத்துச் செல்லாமல், ஊர்க்களரியிலேயே வைத்துக்கொண்டு, பழைய பனுவல்களில் பெண்களைப் பற்றியும் சாதியைப் பற்றியும் இருப்பதை இன்றைக்கும் அப்படியே பாட வேண்டுமா என்று ஆடுபவர்களோடும் பார்ப்பவர்களோடும் இருந்து கதைத்து, மாற்றி எழுதி, மறுபடி ஆடினார்கள். மீளுருவாக்கம் என்று அதற்குப் பெயர். கதைத்த நாட்கள் ஆடிய நாட்களைவிட அதிகம்.

ஆகவே போனவர்களைத் தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் மரியாதைக்காக ஒருநாள் வருவார்கள். அவரவர் கைக்கு ஏற்ற ஒரு வேலையைச் சட்டங்கொடுப்பது போலக் கொடுங்கள்.

தெற்குவீதி எழுதியது:

எல்லாரும் சுவரை எப்படிக் காப்பது என்று பேசுகிறீர்கள். சுவரோவியம் வேண்டும் என்று அந்தத் தெருவில் யார் கேட்டார்கள் என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

சென்னையில் கண்ணகி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றோரங்களிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே குடியேற்றினார்கள். 2020-இல் அந்த அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களைத் தீட்டி, அதைக் கலை வட்டாரம் என்று அழைத்தார்கள். ஓவியங்கள் அழகானவை, மறுக்கவில்லை. அங்கே பிறந்த பிள்ளைகள் தங்கள் முகவரியைக் கூச்சமின்றிச் சொல்ல அவை உதவியிருந்தால் அதுவும் நல்லதுதான். ஆயினும் வெளிச்சுவருக்கு வண்ணம் வந்த வேகத்தில் உள்வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வருமா என்று அங்கு வாழ்பவர் ஒருவர் கேட்டால், ஓவியரிடம் அதற்கு விடை இல்லை. உங்கள் பள்ளியில் கழிப்பறைக் கதவு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவரைத் தொட்டீர்களா?

வரவுசெலவு எழுதியது:

தெற்குவீதி அவர்களின் கேள்வி கடுமையானது. ஆனால் கழிப்பறைக் கதவு சரியாகும்வரை யாரும் படம் வரையக்கூடாது என்றால் நம் நாட்டில் யாரும் எந்தக் காலத்திலும் வரைந்திருக்க முடியாது. இரண்டும் நடக்கட்டும். நான் ஒரு சிறிய நாடகக் குழுவுக்கு 11 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுபவன். பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வணிகரின் உதவியைப் பெறலாம், விளம்பரத்தை ஏற்க வேண்டாம். அது பள்ளிச் சுவர். அதைப் பங்குபோட்டு விற்கும் உரிமை உங்கள் குழுவுக்கு இல்லை. தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் எழுத்தில் இசைவு தந்தால்தான் நீங்கள் ஓவியமே தீட்டலாம். உரியவரின் இசைவின்றிப் பொது இடச் சுவர்களில் விளம்பரம் செய்வதைத் தடுக்க நம் மாநிலத்தில் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. வணிகரிடம் ‘பணம் வேண்டாம், பொருளாகக் கொடுங்கள், உதவியவர்கள் பட்டியலில் மற்றவர்களோடு ஒரே அளவு எழுத்தில் உங்கள் பெயரும் இருக்கும்’ என்று சொல்லிப் பாருங்கள். நல்லவராக இருந்தால் ஒப்புக்கொள்வார்; இல்லாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு நாளை பாதியாகியிருக்கும் என்று எண்ணி ஆறுதல் அடையுங்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி 7 பேர் இருந்தால் சங்கமாகப் பதியலாம். இப்போது 6 பேர் என்கிறீர்கள், இன்னும் ஒருவரைத் தேடுங்கள். பதிந்துவிட்டால் ஆண்டுக்கூட்டம் நடத்தி, கணக்கை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல்செய்ய வேண்டும். அந்த ஒழுங்குக்குத் துணிவிருந்தால் மட்டும் பதியுங்கள். பதியாவிட்டாலும் இரண்டு பேர் கையெழுத்திட்டு எடுக்கும் வங்கிக் கணக்கும், பத்து ரூபாய்க்கும் ரசீதும் கட்டாயம் வேண்டும். ஊரில் திரட்டிய பதினைந்தாயிரத்துச் சொச்சத்துக்குக் கணக்கெழுதி நூலக வாசலில் ஒட்டினீர்களா? ஓவியம் உரிந்ததைவிட, அது ஒட்டப்படாததுதான் பேச்சாகியிருக்கும்.

கலைஞர்கள் பிறர் கையை எதிர்பார்க்காமல் வாழ்ந்ததற்குச் சோழமண்டலம் சான்று. ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் 1966-இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்கள் தங்களுக்கென ஒரு கிராமத்தையே அமைத்துக்கொண்டார்கள். அந்த நிலத்தை வாங்கத் துணைநின்றது அவர்கள் தீட்டிய பெரிய ஓவியங்கள் அல்ல. மெழுகிட்டுச் சாயமேற்றிய பாத்திக் துணியும் மற்றக் கைவினைப் பொருள்களும் விற்றுச் சேர்த்த பணம். உங்களிடம் மெழுகு உருப் பிடிப்பவர் இருக்கிறார், தையற்காரர் இருக்கிறார். இருவரும் சேர்ந்து துணிப்பையும் சிறு மெழுகு உருவும் செய்து பொங்கல் கண்காட்சியில் வைத்தால் அடுத்த சுவரின் செலவு அதிலேயே வந்துவிடாதா?

மார்கழிவாசல் எழுதியது:

நான் மதுரைப் பக்கத்தில் பள்ளி ஆசிரியை. ஞாயிறு வகுப்பைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

25 பேர் 9 பேர் ஆனதற்குக் காரணம், மூன்றாவது வாரமும் மலை, சூரியன், தென்னை மரம், ஓடு வேய்ந்த வீடு என்றே வரையச் சொன்னதாக இருக்கலாம். தவறாக எண்ண வேண்டாம், நானும் அதையே செய்தவள். ஒரு மார்கழியில் பிள்ளைகளை நோட்டுப் புத்தகத்தோடு தெருவுக்கு அனுப்பி, விடிந்ததும் வாசல்களில் உள்ள கோலங்களைப் பார்த்து வரைந்துவரச் சொன்னேன். கோலத்தோடு மூன்று செய்திகளும் எழுதிவர வேண்டும்: எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, போட்டவர் அதை யாரிடம் கற்றார். முதல் வாரம் 7 புள்ளி 4 வரையும், 15 புள்ளி 8 வரையும் மட்டுமே வந்தன. மூன்றாம் வாரம் ஒரு சிறுவன், தன் அப்பத்தா கண் தெரியாமல் விரல் அளவிலேயே போடும் சிக்குக் கோலம் ஒன்றைக் கொண்டுவந்தான். அதைக் கரும்பலகையில் போட எனக்கு இரண்டு வகுப்பு நேரம் ஆயிற்று. கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

இதனால் ஒரு நன்மை, பிள்ளைகள் வந்தார்கள். இன்னொன்று, அதுவரை கலைக்குழு என்றால் ஆண்பிள்ளைகள் சுவரில் ஏதோ செய்வது என்று எண்ணியிருந்த வீட்டுப் பெண்கள், தங்கள் கோலத்தைத் தவறாக வரைந்திருப்பதைத் திருத்துவதற்காக வகுப்புக்கே வந்துவிட்டார்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் உங்கள் மாவட்டத்தில் எங்கே நடக்கிறது என்று கேட்டு, 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கும் சேர்த்துவிடுங்கள். முறையான பயிற்சியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அரசலாற்றங்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி.

வண்ணத்தச்சன் ஐயா சொன்னபடி உள்ளங்கையால் தேய்த்தோம். கை மாவு பிசைந்ததைப் போல வெளுத்தது. கொத்துக்கரண்டியால் ஓரிடத்தில் சுரண்டியபோது வெள்ளை, வெளிர்நீலம், மறுபடி வெள்ளை, மஞ்சள் என்று ஆறு அடுக்குகள் தெரிந்தன. பாலிதீன் தாளும் நன்றாகவே வியர்த்திருந்தது.

தெற்குவீதி அவர்களின் கேள்வி உறுத்தியதால், சுவருக்கு எதிரில் இட்லிக்கடை வைத்திருக்கும் பாட்டியிடம் போய் உட்கார்ந்தோம். நாங்கள் ஒன்பது நாள் அவர் கடையில் காப்பி குடித்திருக்கிறோம். ஒரு சொல் கேட்டதில்லை. மழை பெய்தால் பள்ளிக் கூரைத் தண்ணீர் முழுவதும் நடவு வயலுக்கு நேர் பின்னால்தான் கொட்டும் என்றும், கழிப்பறை கட்டியபோது தோண்டிய மண்ணையும் அங்கேதான் குவித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். ‘கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே தம்பி’ என்றார். அதோடு விடவில்லை. முப்பது ஆண்டுகள் நடவு நட்டவராம். நாங்கள் தீட்டிய பெண்கள் எல்லாரும் முன்னோக்கி நடந்து நாற்று நடுகிறார்களாம். ‘நட்ட நாற்றை மிதித்துக்கொண்டு எவள் முன்னால் போவாள்? பின்னால் பின்னால் போய்த்தானே நடுவோம்’ என்று கேட்டுவிட்டு, எழுந்து கரண்டிக் கையோடு குனிந்து செய்தும் காட்டினார். கவின்கலைக் கல்லூரியில் படித்த எங்கள் நண்பர் அதை அங்கேயே இட்லி மடிக்கும் தாளில் வரைந்துகொண்டார். ஊரில் நான்கு பேர் அந்தப் பிழையைத் திறப்பு நாளன்றே கண்டு தங்களுக்குள் சிரித்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

சங்கமாகப் பதிவதை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம். கணக்கை நூலக வாசலில் ஒட்டிவிட்டோம். 640 ரூபாய்க்கு ரசீது கிடைக்கவில்லை, அதையும் எழுதிவிட்டோம். வணிகர் இன்னும் பதில் சொல்லவில்லை. தலைமையாசிரியர் மண்ணை அகற்ற ஒப்புக்கொண்டிருக்கிறார். கூரைத் தண்ணீருக்குக் குழாய் வைக்கும் செலவை யார் ஏற்பது என்பதுதான் பேச்சாக இருக்கிறது. மார்கழி பிறந்துவிட்டதால் கோலக் கணக்கெடுப்பைத் தொடங்கினோம்; சென்ற ஞாயிறு 17 பிள்ளைகள் வந்தார்கள். நோட்டுப் புத்தகங்களுக்குத் துணி உறை தைத்துத் தருவதாகத் தையற்காரர் தாமே சொல்லியனுப்பியிருக்கிறார்.

ஓவியத்தை மாசிக்குப் பிறகுதான் தொடங்கப்போகிறோம். நடவுப் பெண்கள் இம்முறை பின்னோக்கி நடப்பார்கள். அடிப்பட்டைக்கான சுண்ணாம்பைப் பற்றி ஐயாவிடம் ஒரு கேள்வி: கடையில் விற்கும் பொட்டலச் சுண்ணாம்பு போதுமா, கிளிஞ்சல் சுண்ணாம்புதான் வேண்டுமா?

வண்ணத்தச்சன் எழுதியது:

கிளிஞ்சல் கிடைத்தால் அதுவே மேல். மண்பானையிலோ இரும்பு டிரம்மிலோ தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுச் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். கொதித்துத் தெறிக்கும், ஆகவே பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். கண்ணில் பட்டால் ஆபத்து. மூன்று நாள் ஊறவிட்டு, பழைய வேட்டித்துணியில் வடிகட்டி, ஆறிய சோற்றுக்கஞ்சியைக் கொஞ்சம் கலந்தால் கையில் ஒட்டாது. ஒரே பூச்சாகக் கெட்டியாக அடிக்காமல் மோர்ப் பதத்தில் மூன்று பூச்சு அடியுங்கள். காவி கலப்பதற்கு முன் ஒரு செங்கல்லில் பூசிக் காயவைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் பாதிதான் நிற்கும்.